ரெண்டு தடத்துக்கும் ஒரே வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், இது சைக்கிள் கடைதானுங்க. ஞாயித்துக்கிழமைன்னா வெடியால ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கிருவேன். முன்னெல்லாம் இந்நேரம் பத்துப் பதினஞ்சு பேரு காத்தடிக்கன்னு வாசல்ல நிப்பாங்க. இப்ப நீங்க ஒருத்தருதான். அந்த ஸ்டூல்ல உக்காருங்க, அது ஆடாது.

மண் தடத்துலயும் ஓட்டற கிராவல் சைக்கிள் வேணுங்கறீங்க. சரி. மொதல்ல அந்தப் போனை சேப்புல வையுங்க. வீடியோல எவனோ எந்த ஊர்லயோ பனில ஓட்டிக் காட்டுவான், அதைப் பாத்துப்போட்டு வடவள்ளிக்கு வந்து அதே வண்டி குடுங்கறாங்க. அப்படி வாங்கக்கூடாதுங்க. எந்தத் தடத்துல ஓட்டப்போறீங்க, வாரத்துல எத்தனை நாளு, இடுப்பு வலி உண்டா, வீட்ல வண்டியை எங்க நிறுத்துவீங்க, இதெல்லாம் சொன்னாத்தான் நான் வாயைத் தொறப்பேன். பத்தொம்பது வருசமா அப்படித்தான். என் கடைல எடுத்த வண்டி ஒண்ணுகூட ஒத்து வரலைன்னு திரும்பி வந்ததில்லை. யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இல்லை, கேக்காதீங்க. இப்பக் கேட்டா வேற சொல்லுவாங்க. முக்குல பேக்கரில வழி கேட்டுத்தானே வந்தீங்க? 'ஆனை அடிச்ச ஆளுக்கு வண்டி வித்த கடையா'ன்னு கேட்டிருப்பானே? பாத்தீங்களா, சிரிக்கறீங்க. ரெண்டு மாசமா இதே பேச்சுத்தான். வண்டிக்கும் ஆனைக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்க வெளியூருக்காரரு, எந்தப் பக்கமும் சேராத ஆளு. உங்ககிட்ட ஒட்டுக்கா சொல்லிப்போடறேன். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, இந்தத் தண்டபாணி மேல தப்பு இருக்குதா இல்லையான்னு. இருக்குதுன்னா வேற கடைக்குப் போயிருங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்.

லோகநாதன்னு பேரு. நாப்பத்திநாலு வயசு. பம்பு கம்பெனில தரம் பாக்கற வேலை. வைகாசில சக்கரை வந்திருச்சு. டாக்டரு நடங்க, இல்லாட்டி சைக்கிள் மிதிங்கன்னுட்டாரு. ஆவணி மொத வாரத்துல வந்தாரு, கூட அவரு சம்சாரம். வனிதாமணின்னு, இங்க ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. அவரு வண்டியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு, அந்தம்மா என்னையத்தான் பாக்கறாங்க. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

அவருக்கு என்ன வேணும்னா, கெழமைல அஞ்சு நாளு கம்பெனிக்குப் போவணும், பதினாலு கிலோமீட்டர், பூரா தார் ரோடு. ஞாயித்துக்கிழமை மட்டும் மலையடிவாரத்துப் பக்கம் மண் தடத்துல போவணும். ஏன்னு கேட்டேன். வீட்ல எப்பப் பாத்தாலும் சக்கரை எத்தனை, சோறு எத்தனை கரண்டின்னே பேச்சா இருக்குதுங்க, ஒரு ரெண்டு மணி நேரம் அதைப் பத்திப் பேசாத எடமா இருந்தா தேவலைன்னாரு. இருக்கறது மாடி வீடு, அதுவும் வாடகை வீடு, படிக்கட்டுக்கு அடில ஒரு சைக்கிள் நிறுத்தத்தான் எடம். அப்ப ரெண்டு தடத்துக்கும் ஒரே வண்டி.

இந்த எடத்துலதான் பாதிப்பேரு தப்புப் பண்றாங்க தம்பி, நீங்களும் கேட்டுக்கங்க. மலை ஏறற தடி டயர் சைக்கிளைக் குடுத்தா மண்ணுல ஜோரா போவும், தார்ல மிதிச்சா மாவாட்டற மாதிரி இருக்கும், பத்து நாள்ல ஆளு பஸ்ஸுக்கே போயிருவாரு. ரேஸ் சைக்கிளைக் குடுத்தா தார்ல பறக்கும், அந்த ஒல்லி டயரு இட்டேறில ஒரு கல்லு பட்டாப் போச்சு. இட்டேறின்னா தெரியாதுங்களா? ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித் தடம். எங்க பக்கம் காடு தோட்டத்துக்குப் போறதெல்லாம் அதுலதான். ரெண்டுக்கும் நடுவுல ஹைப்ரிட்டுன்னு ஒண்ணு விக்கறாங்களே, அது எதுக்கும் ஆகாது, நான் கடைல வெக்கறதே இல்லை. கிராவல்தான் சரி. ஹேண்டில் வளைஞ்சிருக்கும், டயரு நாப்பது மில்லிமீட்டர் அகலம். தார்ல போறன்னைக்குக் காத்து அம்பது வெச்சுக்கோணும், மண்ணுக்கு முப்பத்தஞ்சுக்கு எறக்கிக்கோணும். டியூப் கெடையாது, உள்ள ஊத்தற மருந்தே முள்ளு குத்தின ஓட்டையை அடைச்சிரும். சுவத்துல அவரைச் சாய்ச்சு நிறுத்தி, ரெண்டு காலுக்கு நடுவுல நோட்டு வெச்சு அளந்து, அம்பத்திநாலு சைஸ்னு எழுதிக் குடுத்தேன். வேற எவனுங்க இப்படிச் செய்வான்?

அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இவரு தனியா அந்தப் பக்கம் போவாரே சார், ஆபத்து ஒண்ணும் இல்லையேன்னு. நான் டிஸ்க் பிரேக்கை அமுக்கிக் காட்டினேன். மழைல நனைஞ்சாலும் புடிச்ச எடத்துல நிக்குமுங்க, நீங்க கவலையே பட வேண்டாமுங்கன்னேன். அவங்க பிரேக்கையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே?

மொத ரெண்டு மாசம் அவரு தார் ரோட்லயே ஓட்டிக்கிட்டிருந்தாரு. புரட்டாசி கடைசில ஒரு நாளு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறாரு. கம்பெனிப் பசங்க ரேஸ் சைக்கிள்ல முந்திப் போயிர்றாங்களாம், இவரு பின்னாலயே மிதிக்கறாராம். மண் தடத்துப் பக்கம் போக ஒரு மாதிரி இருக்குதாம். அப்புறம் சொன்னாரு பாருங்க, இந்த வண்டி எனக்கு ஒத்து வரலைங்கண்ணா, மாத்திக் குடுங்கன்னு. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. பத்தொம்பது வருசத்துல எவனும் சொல்லாத வார்த்தை. வாசல்ல காத்தடிக்க நின்னவனெல்லாம் திரும்பிப் பாக்கறான்.

வர்ற ஞாயித்துக்கிழமை என் கூட வாங்க, வண்டி ஒத்து வருதா இல்லையான்னு நான் காட்டறேன்னேன். கூட்டிட்டும் போனேன். அடிவாரத்துல மூலப்பதி ஊரைத் தாண்டி இட்டேறில பூந்து, பழைய செங்கச்சூளை வழியா வாய்க்கா வரைக்கும். சூளையெல்லாம் இப்ப மூடிக் கெடக்குது. மண்ணெடுத்த குழி மட்டும் இருக்குது, மழை பேஞ்சா குளமாட்டம் தண்ணி நிக்கும். அடடா, அன்னைக்கு அவரு மூஞ்சியப் பாக்கோணுமே. மயிலு ஒண்ணு குறுக்க போச்சு, இந்த மனுசன் வண்டியை நிறுத்திப்போட்டு அஞ்சு நிமிசம் அதையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. திரும்பி வர்றப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு ஞாயிறு தவறலை. சக்கரையும் எறங்கிருச்சுன்னு வந்து சொன்னாரு. அதையெல்லாம் இன்னைக்கு ஒருத்தனும் பேச மாட்டேங்கறான்.

ஐப்பசில ஒரு சின்னப் பிரச்சனை. மிதிக்காம விட்டா இந்த வண்டிக்குப் பின் சக்கரத்துல டிக் டிக் டிக்னு ஒரு சத்தம் வருமுங்க. நடுவுல ஹப்புக்குள்ள சின்னச் சின்னப் பல்லு இருக்குது, அது பண்ற சத்தம். எறக்கத்துல போறப்ப இந்தச் சத்தத்துக்கு மயிலு, மொசலு எல்லாம் ஓடிப்போயிருதுங்கண்ணா, நிறுத்த முடியாதான்னாரு. முடியாதுன்னு நான் எதையுமே சொன்னதில்லை. ஹப்பைப் பிரிச்சு உள்ள கெட்டி கிரீஸை வெச்சு அடைச்சுக் குடுத்தேன். கம்பெனிக்காரன் அப்படிச் செய்யக்கூடாதும்பான். எச்சா வெச்சா பல்லு ஒட்டிக்கும், கம்மியா வெச்சா சத்தம் நிக்காது, அதுக்கு ஒரு அளவு இருக்குது, அது என் கைக்குத்தான் தெரியும். வண்டியைத் திருப்பிக் குடுத்தப்ப ஒரு சத்தம் இல்லை. உங்க முதுகுக்குப் பின்னால வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. கோயமுத்தூர்லயே அப்படி ஒரு வேலை எவனும் செஞ்சிருக்கமாட்டான்.

அதுக்குத்தான் முன்ன வாசல்ல நின்னவனெல்லாம் இப்ப என்னையப் புடிச்சுக்கிட்டான். அந்தத் தடத்துல போறவங்க எல்லாம் சத்தம் போட்டுக்கிட்டுத்தான் போவாங்களாம். போவாங்கதான், எனக்குத் தெரியாதா? பால்காரன் மொபெட்டு சைலன்சரை வேணும்னே லூசா விட்டிருக்கான். ஆடு மேய்க்கற பொம்பளைங்க ஒரு மைலுக்குக் கேக்கற மாதிரி பேசிக்கிட்டுப் போவாங்க, வளைவு வந்தா ஹோய்னு ஒரு கூப்பாடு. சத்தம் கேட்டா ஆனை ஒதுங்கிக்கும், திடீர்னு முன்னால போய் நின்னாத்தான் அதுக்குப் பயம், பயந்தா அடிக்கும். மருதன் அடிக்கடி சொல்லுவான். மருதன்னா மூலப்பதிக்காரன், ஆனை காவலுக்கு வாட்சரா இருக்கான். அவன் கடைக்கே வந்து எங்கிட்டச் சொன்னான், அண்ணா, அந்த சார் வண்டி வர்றதே தெரிய மாட்டேங்குது, ஒரு மணியாவது கட்டி விடுங்கன்னு. ஆனைக்கு அத்தனை பெரிய காது இருக்குதே மருதா, அதுக்கு நீ மணி வேற அடிக்கோணுமான்னு கேட்டேன். அவன் சிரிக்கலை. லோகநாதன்கிட்டயும் வளைவுல சத்தம் போடச் சொல்லியிருக்கான். அவரு கூச்சப்படற ஆளு, ஒத்தையா இருந்துக்கிட்டு எப்படிக் கூப்பாடு போடறதுன்னு விட்டுட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இருங்க, இன்னும் முடியலை. அந்தப் பக்கத்துக்காரங்களுக்குன்னு வாட்ஸப்புல ஒரு குரூப்பு இருக்குதுங்க. எனக்கு அடிவாரத்துல ரெண்டு ஏக்கரு வாழை இருக்குது, அதனால நானும் அதுல இருக்கேன். வெடியால நாலு மணிக்கே ஆரம்பிச்சிருவாங்க. மருதன் வாய்ஸ் போடுவான், ஆனை அங்க எறங்கிருச்சு, இங்க ஏறிருச்சு, இந்தத் தடத்துல ஆரும் வராதீங்கன்னு. லோகநாதன் இதைக் கேள்விப்பட்டு, என்னையும் அதுல சேத்து விடுங்கண்ணான்னாரு. நான்தான் வேண்டாம்னேன். எதுக்குங்க? தெனமும் ஆனை ஆனைன்னு கேட்டுக்கிட்டிருந்தா மனுசன் வண்டியையே தொட மாட்டான். நான் கேக்கறேன், ஏதாவதுன்னா ஆறு மணிக்குள்ள உங்களுக்குப் போன் பண்றேன், போன் வரலைன்னா தடம் சுத்தம்னு நெனைச்சுக் கெளம்புங்கன்னேன். அவரு சரிங்கண்ணான்னு தலையை ஆட்டினாரு. என்னைய அப்படி நம்பினாரு.

நானும் சும்மா இருக்கலை. கார்த்திகை பொறந்ததும் ரெண்டு ஞாயிறு அடுத்தடுத்துப் போன் பண்ணினேன். இன்னைக்கு வேண்டாமுங்க, சூளைப் பக்கம் கூட்டமா நிக்குதுன்னேன். ரெண்டு வாரமும் மனுசன் வீட்லயே இருந்துட்டாரு. ரெண்டாவது வாரத்துக்கு அடுத்த புதன்கெழமை கடைக்கு வர்றாரு. நின்னு நின்னு பாத்தாரு. அப்புறம் சொல்றாரு, வனிதா பயப்படறாங்கண்ணா, மண் தடம் இனி வேண்டாம்ங்கறா, தார்ல மட்டும்தான்னா அந்த ரேஸ் சைக்கிளே தேவலை, இதை எடுத்துக்கறீங்களான்னு. மறுபடியும் அதே பேச்சு. நான் என்ன சொன்னேன்னு எனக்கே இப்ப நெனப்பில்லை. இன்னும் ஒரே ஒரு வாரம் போயிட்டு வாங்க, அப்புறமும் வேண்டாம்னா எடுத்துக்கறேன்னு சொன்னேனாட்டம் இருக்குது. அவருக்கும் ஆசைதான். மூஞ்சில தெரிஞ்சுது.

அந்த ஞாயித்துக்கிழமை. வெடியால எந்திரிச்சு அடுப்புல பாலை வெச்சுப்போட்டு நிக்கறேன். போனு டிங்குங்குது. மருதன். கொம்பன் ஒண்ணு சூளைக்குழில நிக்குது, ராத்திரில இருந்து நகர மாட்டேங்குது, வெடி போட்டும் நகரலை, இட்டேறிப் பக்கம் ஆரும் தயவு பண்ணி வர வேண்டாம்னு. அவன் கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசறான்.

கேட்டேன். கேக்கலைன்னு உங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும், நீங்க யாரோ நான் யாரோ. கேட்டுப்போட்டு, லோகநாதன் நம்பரையும் எடுத்தேன். அமுக்கலாம்னு வெரலு வரைக்கும் வந்திருச்சு. அப்ப நெனைக்கறேன், இன்னைக்கும் வேண்டாம்னு சொன்னா இது மூணாவது வாரம். அதோட அந்த வண்டி இங்க வந்து நின்னுரும். வாசல்ல நிக்கறவனெல்லாம், தண்டபாணி குடுத்த வண்டி திரும்பி வந்திருச்சாமான்னு கேப்பான். ஆனை எப்பவும் வெளிச்சம் வந்தா மேல ஏறிருமுங்க. வெளிச்சம் வர்றதுக்கு இன்னும் அரைமணி நேரம் கூட இல்லை. அவரு அங்க போய்ச் சேர ஆறே முக்கால் ஆவும். அதுக்குள்ள அது போயிரும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பாலு பொங்கிருச்சு, அடுப்பை அணைக்கப் போயிட்டேன்.

அவ்வளவுதானுங்க. ஏழு மணிக்கு மருதன் மறுபடியும் வாய்ஸ் போட்டான். அதுல பேச்சே இல்லை, ஓடற சத்தமும் ஆளுக கத்தற சத்தமும்தான். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடினேன். சூளை வளைவுல வண்டி வேலியோரமா கெடக்குது. ஆளு அங்க இல்லை, இருபதடி தள்ளி... அதை விடுங்க, வெடியால வெறும் வயித்துல அது வேண்டாம். அந்த வளைவு எறக்கத்துல இருக்குது தம்பி. மிதிக்கவே வேண்டாம், வண்டி தானா எறங்கிப் போவும். கொம்பன் அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்திருக்குது, இவரு சத்தமே இல்லாம அது முன்னால போய் எறங்கியிருக்காரு. அதுக்கும் தெரியலை, இவருக்கும் தெரியலை.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லைங்க. சக்கரம் சுத்தி விட்டா ஒரு நூலு ஆட்டம் இல்லை. பிரேக் அடிச்ச தடம் மண்ணுல இருக்குது, ஒன்றரை அடில நின்னிருக்குது. நான் சொன்ன மாதிரியே நின்னிருக்குது. அதை அங்க நின்னவங்ககிட்டச் சொன்னேன். ஒருத்தரும் என்னையத் திரும்பிப் பாக்கலை.

எழவு வீட்ல டீச்சரு எங்கிட்ட வந்தாங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. நீங்க போன் பண்ணுவீங்களே சார்னு கேட்டாங்க. சுத்திலும் அவரு சொந்தபந்த ஒரம்பரை, கம்பெனி ஆளுக, நம்ம கடைக்கு வர்ற சைக்கிள்காரங்க எல்லாரும் நிக்கறாங்க. போனு சார்ஜ்ல கெடந்துச்சுங்க டீச்சர், நான் பாக்கவே இல்லைன்னேன். வாயில வந்திருச்சு. அந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சரிங்க சார்னு தலையை ஆட்டிப்போட்டு உள்ள போயிட்டாங்க. ஊரு பூரா கிரீஸைப் பத்தித்தான் பேசுச்சு. போனைப் பத்தி ஒருத்தனுக்கும் தெரியலை. நானும் கிரீஸைப் பத்தி மட்டும் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். இதே ஸ்டூல்ல நான் உக்காந்து ஒரு டயருக்கு மருந்து ஊத்திக்கிட்டிருக்கேன். டீச்சரும் மருதனும் வாசல்ல வந்து நிக்கறாங்க. உள்ள வாங்கன்னேன், அவங்க வரலை.

"சார், அன்னைக்கு நீங்க போனைப் பாக்கலைன்னு சொன்னீங்க."

"ஆமாங்க டீச்சர். சார்ஜ்ல கெடந்துச்சுங்க."

அவங்க மருதனைப் பாத்தாங்க. அவன் சேப்புல இருந்து போனை எடுத்து, அவன் போட்ட அந்த வாய்ஸை வெரல்ல அமுக்கிப் புடிச்சு, எதையோ தொட்டு எங்கிட்ட நீட்டினான். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாதுங்க தம்பி, சாமி சத்தியமா தெரியாது. வாய்ஸைப் போட்டவன் போன்ல, யாரு யாரு அதைக் கேட்டாங்க, எத்தனை மணிக்குக் கேட்டாங்கன்னு வரிசையா வருமாம். மருதன் என் பேரைக்கூடப் போட்டு வெக்கலை. 'சைக்கிள் கடை அண்ணன்'னு இருக்குது. பக்கத்துல அஞ்சு நாப்பத்தெட்டு.

நான் தலையைத் தூக்கலை. டீச்சரு சத்தம் போடுவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு பாத்தேன். அப்படி ஒண்ணும் பண்ணலை. வகுப்புல கணக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க.

"அவரு ஆறு மணி வரைக்கும் போனைக் கையில வெச்சுக்கிட்டு சமையக்கட்டுலயே நின்னாரு. போன் வரலைன்னதும் தடம் சுத்தம் வனிதான்னு சொல்லிட்டுத்தான் ஷூ போட்டாரு. ஆறு அஞ்சுக்குப் படி எறங்கினாரு. பதினேழு நிமிசம் சார்."

அவ்வளவுதான் சொன்னாங்க. போயிட்டாங்க. மருதனும் போனைச் சேப்புல போட்டுக்கிட்டுப் பின்னாலயே போயிட்டான்.

போலீசுக்குப் போவாங்கன்னு நெனைச்சேன், போகலை. சைக்கிள்காரங்ககிட்டச் சொல்லுவாங்கன்னு நெனைச்சேன், சொல்லலை. மருதனும் வாயைத் தொறக்கலை. அதுதான் எனக்குத் தாங்க முடியலைங்க தம்பி. சொல்லியிருந்தாங்கன்னா நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். பால் பொங்கினதைச் சொல்லியிருப்பேன். வெளிச்சம் வந்தா ஆனை ஏறிரும்னு நெனைச்சதைச் சொல்லியிருப்பேன். யாருகிட்டப் போய்ச் சொல்றது? தெனமும் எட்டரைக்கு அந்தம்மா இந்தக் கடைக்கு எதுத்தாப்புலதான் பஸ் ஏறறாங்க. பத்து நிமிசம் நிக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பறதில்லை. திரும்பிருவாங்களோன்னு நான் அந்தப் பத்து நிமிசமும் உள்ள போய் நின்னுக்கறேன். பயமா இருக்குதுங்க. எதுக்குப் பயம்னு கேட்டா சொல்லத் தெரியலை.

நான் கல்லு இல்லைங்க. ராவும் பகலும் ரோசனை பண்ணிப் பாத்தேன், எந்த எடத்துல தப்புப் பண்ணினேன்னு. வண்டி பாத்துக் குடுத்ததுல தப்பில்லை. அளவுல தப்பில்லை. கிரீஸு அவரு கேட்டு வெச்சது. கடைசில ஒரு நாளு பளிச்சுன்னு புரிஞ்சுது. அந்த வாய்ஸைக் கேட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. கேக்காம விட்டிருந்தா? சார்ஜ்ல கெடந்துச்சுன்னு நான் சொன்னது உண்மையாவே போயிருக்கும். அந்தம்மா முன்னால நான் தலையைக் குனிஞ்சிருக்க வேண்டியதில்லை. மருதன் போன்ல என் பேரு இருந்திருக்காது, மணி இருந்திருக்காது, பதினேழு நிமிசமும் இருந்திருக்காது.

சரி, என் கதையை விடுங்க. உங்களுக்கு அம்பத்தாறு சைஸ் வேணும், பாத்தாலே தெரியுது. இதா, இந்தப் பச்சைக் கலரு வண்டி, உங்களுக்குன்னே நிக்குது. சும்மா தெருவுல ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. தார்ல ஒரு ஆறு கிலோமீட்டர் மிதிங்க, அப்படியே மூலப்பதி தாண்டி எடது பக்கம் இட்டேறில பூந்துருங்க. வாய்க்கா வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. அப்பத்தான் ரெண்டு தடத்துலயும் வண்டி எப்படிப் போவுதுன்னு புரியும். காத்து முப்பத்தஞ்சுதான் வெச்சிருக்கேன். எறக்கத்துல மட்டும் பிரேக்கைப் பாத்துப் புடிங்க.

ஆனையா? அது தை பொறந்ததுமே முக்காவாசி மேல ஏறிருச்சும்பாங்க. குரூப்புல இருந்து நான் வெலகலை, வாழை இருக்குதே. இதா பாருங்க, வெடியால இருந்து மருதன் நாலு வாய்ஸ் போட்டிருக்கான், இப்ப நீங்க உக்காந்திருக்கறப்பத்தான் அஞ்சாவது வந்துச்சு. எல்லாம் போட்டபடியே கெடக்குது. ஒண்ணையும் நான் தொடறதில்லைங்க தம்பி, இந்த ரெண்டு மாசமா ஒண்ணுகூடக் கேட்டதில்லை. இனி எவனும் வந்து எங்கிட்டப் போனை நீட்ட முடியாது.

ஹெல்மெட்டு அந்த ஆணில தொங்குது பாருங்க, எடுத்துக்கங்க. மணி ஏழாவப் போவுது. வெயிலு ஏறறதுக்குள்ள போயிட்டு வந்துருங்க.